நச்சை முறிக்கும் தாவரச் சேர்மங்கள்: ஆய்வகத்தைத் தாண்டுமா?

கயல்விழி:
பாக்டீரியாவைக் கொல்லாமல் அது சுரக்கும் நச்சை மட்டும் முடக்கும் தாவரச் சேர்மங்களுக்கு மருத்துவம் உரிய இடம் தரவில்லை என்பதே என் வாதம். ஈ.கோலை ஓ157 என்ற குடல் பாக்டீரியாவின் தொற்றில் சில ஆன்டிபயாட்டிக்குகள் அது சுரக்கும் ஷிகா நச்சின் அளவைக் கூட்டிவிடக்கூடும் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். கிருமியைத் தாக்குவதே ஆபத்தாகும்போது நச்சைத் தாக்குவதுதானே முறை? ஆப்பிளின் பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் காலரா நச்சைத் தடுப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. தேயிலையிலுள்ள இஜிசிஜி என்ற பாலிஃபீனால், ஆந்த்ராக்ஸ் நச்சின் நொதியைத் தடுக்கிறது.

இளங்கோ:
எங்கே தடுத்தது என்பதுதான் கேள்வி. பாலிஃபீனால்களில் ஒரு வகையான டானின்கள் கிடைத்த புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்பவை. அவை உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றுவதால்தான் நாக்கில் துவர்ப்பே தெரிகிறது. உணவுப் புரதமும் சளியும் செரிமான நொதிகளும் நிறைந்த குடலில், நச்சைப் பற்றுவதற்கு எவ்வளவு மிஞ்சும்? இஜிசிஜியோ இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. ஆந்த்ராக்ஸ் நச்சு உடலெங்கும் பரவுவது.

கயல்விழி:
ஆந்த்ராக்ஸ் குறித்து நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் காலரா நச்சு குடலிலேயே செயல்படுவதால், இரத்தத்தில் கலக்காமல் குடலில் தங்கும் சேர்மம் அங்கே பொருத்தமானதே அல்லவா?

மரியம்:
இருவரும் காலத்தை மறந்துவிட்டீர்கள். காலரா நச்சின் ஐந்து பி துணை அலகுகள் வளையமாகச் சேர்ந்து குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்1 கொழுப்பைப் பற்ற, உள்ளே நுழையும் ஏ துணை அலகு, செல்லுக்குள் சைகை கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்துகிறது. குளோரைடு வெளியேற, அதன் பின்னே நீரும் கொட்டுகிறது. நோயாளி வந்து சேரும்போது பெருமளவு நச்சு செல்லுக்குள் புகுந்திருக்கும். தென்னமெரிக்க மரமான குரோட்டன் லெக்லேரியின் செந்நிறப் பாலிலிருந்து எடுக்கப்பட்டு, எச்ஐவி நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்கென 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற குரோஃபெலிமர், எந்த நச்சையும் பற்றுவதில்லை. குளோரைடு வெளியேறும் கால்வாய்களையே அடைக்கிறது. தாவரச் சேர்மம் மருந்தான வழி அதுதான்.

இளங்கோ:
நச்சையே குறிவைத்து 2016-இல் ஒப்புதல் பெற்ற பெஸ்லோடாக்சுமாப், கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் பி நச்சைத் தேர்ந்து பற்றும் எதிர்ப்பொருள். அந்தத் தேர்வுத்திறன் டானினிடம் இல்லை.

கயல்விழி:
மரியம், கிருமி குடலில் இருக்கும்வரை புதிய நச்சு சுரந்து, தாக்கப்படாத செல்களைத் தேடிப் போகிறது. அதைத் தடுப்பதற்கும் மதிப்புண்டு. இளங்கோ கேட்கும் சான்றும் நியாயமானதே: நச்சு செல்லைத் தொட்ட பிறகு, உணவுப் புரதமும் கலந்திருக்கும் ஊடகத்தில் சேர்மத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தோற்கும் சேர்மத்தை நானும் கைவிடுவேன்.