பழைய புல்லட்டுக்கு அந்தக் காலத் தோற்றமுள்ள டயர்: 3.25-19 போதுமா, 4.00-19 போடலாமா?

குலசேகரம் 350 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1984ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்று உள்ளது. இன்ஜின் வேலை முழுவதும் முடிந்துவிட்டது. பின் மட்கார்டைக் குட்டையாக்கி, ஒற்றை ஸ்பிரிங் சீட் வைத்து, முன் மட்கார்டை ஒரு தகட்டளவுக்குக் குறைத்து, 1950களின் வண்டிகளைப் போன்ற தோற்றத்திற்குக் கொண்டுவந்திருக்கிறேன். மீதமிருப்பது டயர் மட்டும்தான். இப்போது இரு சக்கரங்களிலும் இருப்பவை 3.25-19 அளவு, அதாவது டயரின் அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம். பின் டயர் மொட்டையாகிவிட்டது. முன் டயரில் கோடுகள் மிச்சமிருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது.

எனக்குப் பிடித்திருப்பது ஃபயர்ஸ்டோன் டீலக்ஸ் சாம்பியன் டயரின் வடிவம். தடித்த, நெட்டையான பக்கச்சுவரும், நடுவில் நெளிநெளியாக ஓடும் கோடுகளும் வண்டிக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுக்கின்றன. அதில் 4.00-19 அளவை இரண்டு சக்கரத்திற்கும் வாங்கிப் போட்டால் வண்டி நிறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இது கண்காட்சிக்கு நிறுத்தி வைக்கும் வண்டி அல்ல. திருவட்டாறு, அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருவதும், விடுமுறை நாட்களில் பேச்சிப்பாறை, களியல் பக்கம் போவதும் இதில்தான். பழைய ரிம்மை மாற்றும் எண்ணம் இல்லை. இதே ரிம்மில் அந்த அளவு உட்காருமா, வேறு டயர் பார்க்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடசேரி பட்டறை எழுதியது:

தம்பி, முதலில் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள். உங்கள் ஆண்டு புல்லட்டில் பொதுவாக இருப்பது டபிள்யூ.எம்.2 என்று குறிக்கப்படும் 1.85 அங்குல ரிம். 3.25 அங்குல டயருக்கு அது பொருத்தமான அகலம், 3.50 டயரையும் அது தாங்கும். 4.00 டயருக்கு 2.15 அங்குலமாவது வேண்டும், 2.50 இருந்தால் நல்லது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் அதன் இரு விளிம்புகளும் உள்நோக்கி இழுக்கப்பட்டு, மேற்பரப்பு நடுவில் கூம்பிவிடும். நேரே போகும்போது ரோட்டில் படியும் பட்டை குறுகிப்போகும், வளைவில் சாய்க்கும்போது பக்கச்சுவர் நெளிந்து வண்டி ஆடும். அகலத்திற்காகக் காசு கொடுத்து வாங்கிய டயர் அந்த அகலத்தை ரோட்டில் கொடுக்காது.

அடுத்தது உயரம். இந்தப் பழைய அங்குலக் கணக்கில் டயரின் உயரமும் ஏறத்தாழ அதன் அகலமே. ஆகவே 3.25-19 டயரின் மொத்த விட்டம் ஏட்டுக் கணக்கில் 25.5 அங்குலம், 4.00-19 டயருக்கு அது 27 அங்குலம். சக்கரத்தின் அச்சு முக்கால் அங்குலம் மேலே போகும். உங்கள் வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால், முள் 60 காட்டும்போது வண்டி 63க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பின் சக்கரத்திலும் அதே உயரம் கூடினால் கியர் விகிதம் நீண்டு, களியல் பக்கத்து ஏற்றங்களில் மூன்றாவது கியரில் போன இடத்தில் இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கும். இருக்கிற டிரம் பிரேக்கும் பெரிய சக்கரத்தை நிறுத்தக் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இடைவெளியையும் அளந்து பாருங்கள். பின் டயர் அகலமானால் செயின் பக்கம் இடம் சுருங்கும். முன் மட்கார்டைத் தகட்டளவுக்குக் குறைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். ஃபோர்க் முழுவதும் அமுங்கும் நிலையிலும் டயர் எதிலும் உரசக்கூடாது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தால் மட்டும் இது தெரியாது. ஓட்டத்தில் டயர் சற்று விரிவடையும், செம்மண் ரோட்டில் சேறும் ஒட்டும். எல்லாப் பக்கமும் ஒரு விரல் கனத்திற்காவது இடைவெளி இருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: முன்னால் 3.25-19, நீளவாக்கில் கோடு போட்ட டயர். பின்னால் 3.50-19, கட்டை டிசைன். பழைய 500 சிசி புல்லட்டிலேயே பின்னால் 3.50-19தான் வந்தது. ஆகவே அந்த வண்டியின் ஃபிரேமுக்கு அது அந்நியமான அளவு அல்ல. முன்னால் மெலிந்தும் பின்னால் சற்றுத் தடித்தும் நிற்பதுதான் 1950களின் வண்டியின் உண்மையான தோற்றம். இரண்டு பக்கமும் தடித்த டயர் போடுவது பிற்காலத்துக் கஸ்டம் வண்டிகளின் பாணி.

மார்த்தாண்டம் மழைப்பயணி எழுதியது:

வடசேரி அண்ணாச்சி அளவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் கோடுகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதுதான் உயிர்ப் பிரச்சினை.

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெரிய மழை. நமக்கோ ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நீங்கள் போகும் குலசேகரம், பேச்சிப்பாறைச் சாலைகளில் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள். மழை விட்ட பிறகும் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், வெயில் உள்ளே இறங்காது. தாரின் ஓரங்களில் பாசி பிடித்திருக்கும், அதன்மேல் அழுகிய இலைகள் ஒட்டிக் கிடக்கும். அங்கே வளைவில் முன் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்க முடியாது.

ஃபயர்ஸ்டோன் டீலக்ஸ் சாம்பியன், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள கோக்கர் நிறுவனம் பழைய வடிவத்திலேயே மறுபடியும் செய்து விற்கும் டயர். அதன் மேற்பரப்பு ஒப்பளவில் தட்டையானது. பழைய வண்டியின் தோற்றத்தை அப்படியே மீட்க விரும்புபவர்களுக்காக உருவானது அது. ஈர ரோட்டில் சாய்த்து ஓட்டுபவருக்கு அந்தத் தட்டை வடிவம் நம்பிக்கை தராது. பழைய தோற்றமும் வேண்டும், ஈரப்பிடிப்பும் வேண்டும் என்றால் வெளிநாட்டு வரிசையில் நான் முதலில் நினைப்பது ஏவான் ஸ்பீட்மாஸ்டர், டன்லப் கே70 ஆகிய இரண்டையும்தான். ஸ்பீட்மாஸ்டர் நீளக்கோடு போட்ட முன் டயர். கோடுகள் வண்டி போகும் திசையிலேயே ஓடுவதால் ஹேண்டிலைத் திருப்பும்போது பக்கவாட்டில் பிடித்து நிற்கும். கே70 ரம்பப் பல் போன்ற விளிம்புடையது, 1960களின் ஆங்கில வண்டிகளுக்கு அடையாளமாக இருந்தது. இரண்டுமே மேற்பரப்பு வளைந்தவை என்பதால், சாய்க்கும்போது ரோட்டில் படியும் இடம் படிப்படியாக நகர்ந்து செல்லும், திடீரென்று விளிம்பில் ஏறாது.

இறக்குமதி டயரை நாடுவதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். 2020 ஜூனிலிருந்து புதிய டயர்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் உள்ளது, அதற்கு உரிமம் வேண்டும். இங்கே விற்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணை. ஆகவே யாரோ ஒருவர் எங்கிருந்தோ வரவழைத்துக் கைமாற்றி விற்கும் டயர்கள்தான் பெரும்பாலும் நம் கைக்குக் கிடைக்கும். அவற்றை வாங்குபவர் பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கோடு தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஈரத்தில் அது பிடிக்காது.

உள்நாட்டிலேயே எம்.ஆர்.எஃப். நைலோகிரிப் வரிசையில் 3.25-19 கிடைக்கிறது. கறுப்பான, எளிமையான டயர். எழுத்துகள் கண்ணை உறுத்தாமல் இருப்பதால் பழைய வண்டிக்கு நன்றாகவே பொருந்தும். விலையைப் பற்றிக் கவலைப்படாமல் உரிய காலத்தில் மாற்றிவிடலாம் என்பதும் எனக்குப் பெரிய காரணம்.

ஆரல்வாய்மொழிக் காற்று எழுதியது:

சுருக்கமாக இரண்டு செய்திகள்.

ஒன்று, ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் வழியாக ஆண்டு முழுவதும் ஓட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போது, காற்றழுத்தம் குறைந்த முன் டயர் பெரும் தொல்லை. புல்லட்டுக்கு முன்னால் 18 பவுண்டு, பின்னால் ஒருவர் மட்டும் போனால் 28 என்பது பழைய கணக்கு. நான் முன்னால் 20 வைக்கிறேன். அதற்கு மேல் ஏற்றினால் பிடிப்பு குறைந்துவிடும். பெட்ரோல் பங்கில் கேட்காமலேயே இரண்டுக்கும் 30 அடித்துவிடுவார்கள், அருகில் நின்று சொல்லுங்கள்.

இரண்டு, 1984 வண்டி என்பதால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. மட்கார்டைக் குறைத்திருக்கும் வண்டியில் டயரும் பெரிதாகத் துருத்தி நின்றால் ஆய்வாளரின் கண் முதலில் அங்கேதான் போகும். இரு சக்கர வண்டிக்குக் கோட்டின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டத்தின் எல்லை. நம் மழைக்கு 2 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குலசேகரம் 350 எழுதியது:

அண்ணாச்சிமார் அனைவருக்கும் நன்றி. ரிம்மை அளந்து பார்த்தேன், உள் அகலம் 1.85தான். ஆகவே 4.00 எண்ணத்தை விட்டுவிட்டேன். முன்னால் 3.25 கோடு டயர், பின்னால் 3.50 என்று முடிவு செய்திருக்கிறேன். பழைய ட்யூபையே பயன்படுத்தலாமா? வெள்ளைப் பட்டை போட்ட பக்கச்சுவர் நம் ரோட்டுக்குத் தாங்குமா?

வடசேரி பட்டறை எழுதியது:

புதிய டயருக்குப் புதிய ட்யூப்தான், தம்பி. பழைய ட்யூப் விரிந்து நீண்டிருக்கும். புது டயருக்குள் அது மடிந்து உட்கார்ந்தால் அந்த மடிப்பிலேயே கிழியும். ஸ்போக் ரிம் என்பதால் ட்யூப் இல்லாமல் ஓட்ட வழியில்லை. டயரில் டி.எல். (ட்யூப்லெஸ்) என்று போட்டிருந்தாலும் உள்ளே ட்யூப் போட வேண்டும்.

வெள்ளைப் பட்டை வேண்டாம். உங்கள் பக்கத்துச் செம்மண் ஒரு மழைக்காலத்திலேயே அதைக் காவி நிறமாக்கிவிடும், தேய்த்துக் கழுவினாலும் பழைய வெண்மை திரும்பாது. கறுப்பு டயருக்கு நடுவே துடைத்த ஸ்போக்குகள் தெரிவதே போதுமான அழகு.

டயரைக் கழற்றிய கையோடு ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்து, ஸ்போக்கின் நுனி அதை ரிம்மில் பூட்டும் நிப்பிளுக்கு வெளியே நீண்டிருந்தால் அரத்தால் ராவி மட்டமாக்கி, ரிம் டேப்பைப் புதிதாகப் போடுங்கள். சக்கரத்தின் கோட்டம் எடுப்பதையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது. பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று படித்த பிறகே ஏற்ற வேண்டும். நீளக்கோடு டயரைப் பின்னால் போடக்கூடாது. காற்று அடித்ததும், ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய வரி சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மறுபடி அடிக்க வேண்டும்.

புது டயரின் மேல் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை காய்ந்த ரோட்டில் நிதானமாக ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டுங்கள். அது தேயும் வரை பேச்சிப்பாறைப் பக்கம் மழையில் போக வேண்டாம்.