தரைச்சுழலா, வால்முந்தலா?

வணக்கம் ஐயா,

> குறுக்குக்காற்றில் தரையிறங்கும் சிறு விமானம் ஓடுபாதையிலேயே சட்டென்று சுற்றிக்கொள்வதைத் 'தரைச்சுழல்' எனலாமா?

ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் காற்றுக்குக் 'குறுக்குக்காற்று' சரி. எதிர்காற்று, பின்காற்று என்ற வரிசையில் பொருந்தி நிற்கிறது. அளவைச் சொல்லக் 'குறுக்குக்காற்றுக் கூறு' போதும். பள்ளி இயற்பியலில் விசையின் கூறு என்றுதானே படிக்கிறோம். ஓடுபாதைக்கு 30 பாகை சாய்வாக 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் காற்றடித்தால் அந்தக் கூறு 10 நாட்.

ஆங்கிலத்தில் 'ground loop' எனப்படுவதற்குத் 'தரைச்சுழல்' என்பதுதான் நெருடுகிறது. விபத்துச் செய்தியில் பலத்த காற்று என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதைப் பார்ப்பவர், புழுதிச் சுழல்காற்று ஏதோ விமானத்தைப் புரட்டிவிட்டது என்றே நினைப்பார். முன்பு ஒருவர் சொன்ன 'தரை வளையம்' இன்னும் மோசம். ஒலிபெருக்கியில் இரைச்சல் கிளப்பும் மின்கோளாறுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். வளையம் அங்கே பொருந்தும், இங்கே வளையமே இல்லை.

நடப்பதைப் பார்ப்போம். பைப்பர் கப் போன்ற வால்சக்கர விமானங்களில், அதாவது முன்னால் இரண்டு முதன்மைச் சக்கரங்களும் வாலடியில் ஒரு சிறு சக்கரமும் உள்ளவற்றில், எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கக் காற்று செங்குத்து வாலைத் தள்ள, மூக்கு காற்று வரும் பக்கம் திரும்புகிறது. உடலோ பழைய திசையிலேயே ஓடப் பார்க்கிறது. சக்கரங்கள் இழுத்துப் பிடிக்க, பின்னாலுள்ள எடை அவற்றைத் தாண்டிப்போக முயல்கிறது. கோணம் கூடக்கூட முறுக்கும் கூடும். விமானி திசைதிருப்பும் கால்மிதியைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தாலும் மீட்பது கடினம். விமானம் வெளிப்பக்கம் சாய்ந்து இறக்கை நுனி தரையில் இடிக்கும், சக்கரக் கால் மடங்கும். மூக்கடியில் சக்கரமுள்ள மூக்குச்சக்கர விமானத்தில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் இது அரிது. நடக்கவே நடக்காது என்றில்லை.

ஆக, இதன் உயிர்நாடி சுழற்சி அல்ல. பின்னால் வரவேண்டிய வால், மூக்கை முந்தப் பார்ப்பது. அதனால் 'வால்முந்தல்' என்று முன்மொழிகிறேன். வினையாகவும் தயங்காமல் வருகிறது: 'காற்று வீச்சில் விமானம் வால்முந்தியது', 'வால்முந்தி இடது சக்கரம் ஒடிந்தது'. பெயராக மட்டும் நிற்கிற கலைச்சொல்லைச் செய்தி எழுதுபவர்கள் கைவிட்டுவிடுவார்கள்.

தரையிறக்கத்துக்கு மட்டும் என்று இதை ஒதுக்கவும் வேண்டாம். 1937 மார்ச் 20 அன்று ஹவாயின் லூக் ஃபீல்டு விமானத்தளத்தில் அமெரிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட்டின் லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் வால்முந்தியது மேலெழ ஓடும்போதுதான். சக்கரக் கால்கள் நொறுங்கி, விமானத்தைக் கப்பலில் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது.

அதேபோல், காற்றில் நடந்த எல்லாத் தரையிறக்க விபத்துக்கும் இதைப் போட்டுவிடவும் கூடாது. 2025 பிப்ரவரியில் டொராண்டோவில் ஒரு விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. நல்லவேளை, அதிலிருந்த 80 பேரும் பிழைத்தார்கள். அன்றும் பலத்த காற்றுதான். ஆனால் அங்கே தரை தொட்டபோது வலப்பக்கச் சக்கரக் கால் முறிந்து, இறக்கை பிய்ந்தது. அது வால்முந்தல் அல்ல.

ஒரு வேண்டுகோள். கலைச்சொல் பட்டியலில் 'வால்சக்கர விமானம்', 'மூக்குச்சக்கர விமானம்' இரண்டையும் முதலில் சேர்த்துவிடுங்கள். அவை இல்லாமல் வால்முந்தலுக்கு விளக்கம் எழுத முடியாது.

அன்புடன்