எஸ்டேட் கூலியில் சத்தான சாப்பாடு நடக்குமா?

கோத்தகிரி மலர்: இரண்டரை வயது மகளுக்கு எடை குறைவு என்கிறார்கள். பால், முட்டை, பழம் கொடுக்கச் சொன்னார்கள். கொழுந்து பறிக்கும் கூலியில் நாலு பேர் சாப்பிடுகிறோம். நடக்கிற காரியமா?

கேத்தி விவசாயி: நடக்கும் அக்கா. ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். 2023 மே முதல் நம் மாவட்டத்தில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகும் தருகிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நம் பாட்டிமார் களியும் கீரையும் அவரைக்காயும் சாப்பிட்டுத்தான் மலை ஏறினார்கள்.

குன்னூர் ராஜன்: அண்ணா, கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டுக்கு மாதம் 1 கிலோ பருப்பு. நாலு பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு நாளைக்கு 8 கிராம்தான், அதில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. மீதியை வெளிக்கடையில் பல மடங்கு விலைக்கு வாங்க வேண்டும். கேரட் நம் மலையில் விளைந்தாலும் விலை மேட்டுப்பாளையம் மண்டியில்தான் முடிவாகிறது. அப்புறம் கேஸ். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகும். அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேத்தி விவசாயி: பருப்புக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கொள்ளு என்கிறேன். 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். இரவே ஊறவைத்துக் குக்கரில் போட்டால் கேஸும் மிச்சம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். குழந்தைக்கு மட்டுமாவது தினம் ஒன்று கொடுங்கள்.

குன்னூர் ராஜன்: "குழந்தைக்கு மட்டும்" என்ற சொல்தான் எனக்கு வலிக்கிறது. என் அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டு ரசம் சோற்றோடு எழுந்துவிடுவார். கடைசிவரை ரத்தசோகை. கூலி உயராமல் சமையல் குறிப்பு மட்டும் சொன்னால் அந்தப் பாரம் பெண்கள் தலையில்தான் விழும்.

அருவங்காடு நர்ஸ்: தம்பி சொல்வது உண்மை, கூலி உயரத்தான் வேண்டும். அதுவரை காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கீரையில் கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள். மலர், அங்கன்வாடியில் சத்துமாவைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

கோத்தகிரி மலர்: சரி அக்கா, டீயை இன்றே தள்ளி வைக்கிறேன். கொள்ளும் ஊறப்போட்டுவிட்டேன். ஒரு முட்டை வாங்கினால் பெரியவனுக்கும் பாதி கொடுக்கலாமா?

அருவங்காடு நர்ஸ்: சின்னவளுக்கு முழுசாகக் கொடுங்கள். பெரியவனுக்குப் பள்ளிச் சத்துணவில் முட்டை கிடைக்கும். கொள்ளுச் சுண்டலில் உங்கள் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்.