துக்க வீட்டில் ‘ஸ்தோத்திரம் சொல்லுங்க’ என்பது சரியா?

பாலாற்றங்கரை:
போன மாசம் அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்த ராத்திரி. சபையிலிருந்து ஒரு அண்ணன் வந்து அம்மா கையில, கடவுளுக்கு நன்றியும் துதியும் சொல்ற வரிகள் இருக்கிற ஸ்தோத்திர பலி புத்தகத்தைக் கொடுத்து, “ஆயிரம் தடவை சொல்லுங்கம்மா, பாரம் இறங்கிடும்”னார். அம்மா முப்பதோ நாப்பதோ சொன்னாங்க. அப்புறம் புத்தகத்தைக் கவுத்து வெச்சுட்டு அப்பாவோட லுங்கியை மடிக்க ஆரம்பிச்சாங்க. மடிச்சதையே பிரிச்சுப் பிரிச்சு மடிச்சாங்க. எனக்கு வந்த கோவம் இன்னும் தீரல. இது விசுவாசமா, நடிப்பா?

சத்துவாச்சாரி பிரதர்:
சிஸ்டர், உங்க துக்கம் புரியுது. ஆனா “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்”னுதான் பைபிள்ல 1 தெசலோனிக்கேயர் 5:18ல இருக்கு. எழுதின பவுல், பிலிப்பி ஜெயில்ல கால் தொழுமரத்துல மாட்டியிருக்க, நடுராத்திரியில பாடினவர். யோபு பத்துப் பிள்ளைங்களையும் ஒரே நாள்ல இழந்துட்டு “கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்”னார்.

பாலாற்றங்கரை:
யோபு புத்தகத்தை முதல் அதிகாரத்தோட நிறுத்திட்டா எப்படி பிரதர்? மூணாவது அதிகாரத்துல யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறாரு. கடைசியில கர்த்தருக்குக் கோவம் வந்தது ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்கள் மேலதான். பவுலையும் யாரும் பக்கத்துல நின்னு ‘பாடு’ன்னு சொல்லல.

காட்பாடி ஜங்ஷன்:
“எல்லாவற்றிலேயும்”னா கஷ்டத்துக்குள்ள இருந்துக்கிட்டே நன்றி சொல்றது. கஷ்டத்துக்காக நன்றி சொல்லணும்னு இல்ல.

சத்துவாச்சாரி பிரதர்:
வேற்றுமை உருபைப் பிடிச்சுத் தப்பிக்க முடியாது. எபேசியர் 5:20ல “எல்லாவற்றிற்காகவும்”னே இருக்கு. நம்ம வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைப் பாருங்க. 1954ல கார் விபத்து, இடுப்புக்குக் கீழ அசைவே இல்ல. வீல்சேர்ல உட்கார்ந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. புலம்பிக்கிட்டே இருந்திருந்தா நடந்திருக்குமா?

பாகாயம் பாட்டி:
தம்பி, விபத்து முடிஞ்ச மறுநாளேவா வீல்சேர்ல போய் ஆபரேஷன் பண்ணாங்க? நடுவுல இருந்த மாசங்களை சாட்சிக் கூட்டத்துல யாரும் சொல்றதில்ல. எனக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். ஊசி ஏத்துறப்ப ஸ்தோத்திரம் வராது, “ஐயோ இயேசப்பா”தான் வரும். வீட்டுக்கு வந்து, டாக்டர் அளந்து விட்ட அரை டம்ளர் டீயை வாயில வெச்சா அது தானா வருது.

சத்துவாச்சாரி பிரதர்:
“ஐயோ இயேசப்பா”வும் ஜெபம்தான் பாட்டி, ஒத்துக்கிறேன். எனக்கு ஷூ கம்பெனி வேலை போய் எட்டு மாசம். தினம் காலையில மனசே இல்லாமத்தான் ஆரம்பிக்கிறேன். ஏழெட்டு ஸ்தோத்திரம் தாண்டினாத்தான் வாயும் மனசும் ஒட்டும். சில நாள் ஒட்டாது. விட்டுட்டா அன்னைக்குப் பாயை விட்டே எழுந்திருக்க மாட்டேன்.

பாலாற்றங்கரை:
அது நீங்களா எடுத்துக்கிட்ட மருந்து பிரதர், அதைத் தப்புன்னு சொல்லல. எங்கம்மாவுக்கு அதே டோஸை எழுதிக் கொடுக்க அந்த அண்ணன் யாரு?

நேத்து அம்மா ஆலயத்துக்கு வந்தாங்க. பாட்டுக்கு வாயே திறக்கல. சபையில 13ஆம் சங்கீதம் வாசிச்சாங்க, “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்”னு. அதுக்கு மட்டும் அம்மா ஆமென் சொன்னாங்க.