மலையிறங்கும் அனல்: ஓமனின் முன்கோடை வெப்ப அலையைக் கணித்த நம் மாவட்டத்தாரின் அனுபவங்கள்

கருங்கல் உறுப்பினர் (சாலைப் பணியில் பாதுகாப்பு அலுவலராக இருந்தவர்):

ஓமனின் ஹஜர் மலையடிவாரத்தில் வேலை பார்த்த குமரி மாவட்டத்தார் இங்கே பலர் இருப்பதால், முன்கோடையில் வரும் வெப்ப அலையை அங்கே எப்படி முன்கூட்டிக் கணித்தோம் என்பதை எழுதி, மற்றவர்கள் கண்டதையும் கேட்க விரும்புகிறேன். மறுநாள் எந்தக் குழு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்பதை முந்தைய மாலையே முடிவு செய்து ஃபோர்மேன்களுக்கு அனுப்புவது என் பொறுப்பாக இருந்தது. அந்த முடிவுக்கு, முன்னறிவிப்பில் போட்டிருக்கும் வெப்பநிலையைவிடக் காற்று வரும் திசையே முதல் ஆதாரம் என்பதை அங்கிருந்த ஓமானி மேற்பார்வையாளர் ஒருவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

நமக்குத் தென்மேற்குக் காற்று என்றால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் குளிர்ச்சியும். ஹஜர் மலையின் கடல் பார்த்த சரிவிலோ, அதே திசைக் காற்று பாலைவனத்தைக் கடந்து மலையின் மறுபக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. ஈரமற்ற காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும். ஆகவே ஹஜர் மலைத்தொடரில் உள்ள ஜபல் அக்தரின் சைக் பீடபூமி உயரத்தில், அதாவது சுமார் 2,000 மீட்டரில், 30 டிகிரியாக இருக்கும் காற்று கடல் மட்டத்துக்கு வந்து சேரும்போது 50 டிகிரியை நெருங்கிவிடும். மேலே ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதமாக வீசும் காற்று, கீழே கம்பி கட்டுகிறவருக்கு அடுப்பு வாயாகிறது.

இதனால் நான் தினமும் பார்த்தது இரண்டு விவரங்களை. ஒன்று, கடற்கரையில் பிற்பகலுக்கு எந்தத் திசைக் காற்று கணிக்கப்பட்டிருக்கிறது என்பது. மற்றொன்று, வானிலை வரைபடத்தில் 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தின் வெப்பநிலை. அந்த மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே உள்ள வெப்பநிலையோடு 15 டிகிரியைக் கூட்டினால் அடிவாரத்தின் உச்ச வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். மேலே 32 டிகிரியும் கீழே தென்மேற்குக் காற்றும் சேர்ந்து வந்தால் 47-க்கு ஆயத்தமாக வேண்டும். அதே 32 டிகிரியோடு வடகிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே வருமானால் கரையில் 40-க்குள்ளேயே அடங்கிவிடும், ஆனால் புழுக்கம் கூடும்.

கணிப்பது கடினமாக இருந்ததில்லை. கணித்ததை ஏற்கச் செய்வதுதான் கடினம். ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12:30 முதல் 3:30 வரை வெயிலில் வேலை செய்யத் தடை உண்டு. வெப்ப அலை மே மாதத்தின் பின்பாதியிலேயே வந்துவிட்டால், நான் இருந்த நிறுவனத்தின் திட்ட அலுவலகம் நாள்காட்டியைத்தான் பார்க்கும், வானத்தைப் பார்க்காது. மூன்று நாள்களுக்கு முன்பே வரைபடத்தைக் காட்டி, காங்கிரீட் போடும் வேலையை இரவுக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுத்தால், ஜூன் பிறக்கட்டும் என்று பதில் வரும். காங்கிரீட் வெயிலில் கெட்டுவிடும் என்று நான் சேர்த்து எழுதத் தொடங்கிய பிறகுதான் இரவு வேலைக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தது. மனிதரைப் பற்றி எழுதிய வரிக்கு அந்த வலிமை இல்லாமல் போனது என்பதை இன்றும் கசப்போடுதான் சொல்கிறேன்.

பணியிடத்தில் கறுப்பு உருண்டையும் ஈரத் திரியும் உள்ள வெப்ப அளவி ஒன்று வைத்திருந்தோம். நிழலில் உள்ள வெப்பமானியைப் போலன்றி, வெயில், ஈரப்பதம், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் அது சேர்த்துக் கணக்கிடும். மலைக்காற்று வீசும் நாளில் அந்தத் திரி மிக விரைவாகக் காய்ந்துவிடும்; காய்ந்த திரி உண்மைக்கு மேலான அளவைக் காட்டும். எனவே அளவெடுக்கும் முன் திரியைத் தொட்டுப் பார்த்து நீர் ஊற்றுவது ஒரு தனி வேலையாகவே இருந்தது.

குளச்சல் உறுப்பினர் (விசைப்படகுத் தொழிலாளி):

கருங்கல் அண்ணன் எழுதியதைக் கடலில் இருந்தபடி நானும் கண்டிருக்கிறேன். ஓமன் கடற்கரை ஊரான குரியாத் பக்கத்துக் கடலில் மீன்பிடிக்கும்போது எங்களுக்கு வரைபடமும் இல்லை, அளவியும் இல்லை. கச்சான் (தென்மேற்கு) காற்று என்றால் நம் கடற்கரையில் கடலிலிருந்து கரைக்கு வீசுவது, அலையைக் கிளப்பும். அங்கே அதே திசையிலிருந்து வருவது கரைக்காற்று. கரையோரக் கடல் மட்டமாகப் படுத்துவிடும், தொலைவில் மட்டும் அலை இருக்கும், மலையின் மேல் விளிம்பு புழுதி மூட்டத்தில் மறைந்து போகும். காலை பத்து மணிக்குள் வடகிழக்குக் கடல்காற்று தொடங்கவில்லை என்றால், அன்று அது வராது என்று எங்கள் தண்டல் (படகை நடத்துபவர்) சொல்லிவிடுவார். கர்பி, அதாவது மேற்குக் காற்று, வந்துவிட்டது என்பார்கள் உள்ளூர் மீனவர்கள். அப்படிப்பட்ட நாளில் தளத்தில் கிடக்கும் வலையில் உப்பு வெள்ளையாகப் பொரிந்துவிடும், பெட்டியில் போட்ட ஐஸ் பாதி வழியிலேயே நீராகிவிடும்.

எனக்கு மறக்காதது பகலல்ல, இரவுதான். 2018 ஜூன் 26 அன்று குரியாத்தில் 24 மணி நேரத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையே 42.6 டிகிரியாகப் பதிவானது; உலகில் எங்குமே அதுவரை பதிவான குறைந்தபட்ச வெப்பநிலைகளில் மிக உயர்ந்தது அது என்று செய்திகளில் வந்தது. சூரியன் மறைந்தாலும் மலைக்காற்று நிற்காமல் வீசிக்கொண்டிருந்தால் தரை குளிர்வதற்கு வழியே இல்லை. நள்ளிரவில் குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியிலிருந்து வெந்நீர் வரும். வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும்: கோடையில் வீட்டுக்குள் இருக்கும் கீசரின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, அதில் தேங்கிய நீரைத்தான் குளிர்ந்த நீராகக் குளிக்கப் பயன்படுத்துவோம்.

நாகர்கோவில் உறுப்பினர் (செவிலியர்):

தண்டல் சொன்ன கணிப்பும் அலுவலரின் கணிப்பும் எங்கள் சிகிச்சைப் பிரிவுக்கு எட்டியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். மஸ்கட்டில் நான் பணியாற்றியபோது, வெப்பத்தால் விழுந்து வருபவர்கள் ஆகஸ்டைவிட முன்கோடையில்தான் அதிகம் என்பது என் எண்ணம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரங்கள் தேவை. ஈஸ்டரும் பள்ளி விடுமுறையின் ஒரு பகுதியும் முடித்துக்கொண்டு மே மாதத்தில் விமானம் ஏறும் நம் ஊர்க்காரர், திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்ட அதே உடலோடு மறுநாளே முழு வேலைக்கு நிற்கிறார். புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை மட்டும் கொடுத்து, நாள்தோறும் அதே அளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது தொழில்சார் மருத்துவத்தில் அறியப்பட்ட விதி. விடுமுறையிலிருந்து திரும்பும் பழைய தொழிலாளிக்கும் பாதி வேலையில் தொடங்குவதே முறை.

பேச்சு குழறி, உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்து வரும் ஒருவரைப் பார்த்தால், மருத்துவமனைக்கு வண்டி தேடுவதற்கு முன்பே நிழலில் கிடத்தி உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். உடன் வருபவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாமல் விரைந்து கொண்டுவருவதிலேயே குறியாக இருந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 46 டிகிரி வறண்ட நாளைவிட, கடல்காற்றோடு ஈரம் ஏறிய 39 டிகிரி நாளில் எங்களுக்கு வேலை கூடுதலாக இருந்தது உண்டு. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. ஆகவே கடல்காற்று வந்துவிட்டது என்று அண்ணன் நிம்மதி அடைந்த நாள்களைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு.

தோவாளை உறுப்பினர் (ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்):

மலையிறங்கும் காற்றின் இயல்பைக் காண ஓமன் வரை போக வேண்டியதில்லை. ஜூன் மாதத்தில் குலசேகரத்திலும் பேச்சிப்பாறையிலும் மழை கொட்டும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன, வள்ளியூர்ப் பக்கம் வெயில் அடிக்கிறது. மேற்குச் சரிவில் ஈரத்தை இறக்கிவிட்ட காற்று கிழக்கே இறங்கி வறண்டு போகிறது. நம் காற்றில் ஈரம் மிகுதி என்பதாலும், அது கடலிலிருந்து வந்து சேர்வதாலும் அந்த வறட்சி 50 டிகிரியாக மாறுவதில்லை. ஹஜர் மலைக்கு வரும் காற்றோ ரப் அல் காலி பாலைவனத்திலேயே காய்ந்துவிட்டது. மஸ்கட் ஏறக்குறைய கடகரேகையின் மீதே இருப்பதால் ஜூன் 21-ஐ ஒட்டி உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஓமனின் தெற்கே உள்ள சலாலாவைத் தூறலால் நனைத்தாலும் வடக்கே ஹஜர் மலைப் பக்கத்துக்கு அந்தக் குளிர்ச்சி எட்டுவதில்லை.

இந்திய வானிலைத் துறையின் வரையறைப்படி, நம்முடையது போன்ற கடலோர நிலையத்தில் உச்ச வெப்பநிலை 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது மிகுந்தால்தான் வெப்ப அலை என்பார்கள். சமவெளியில் 40, மலைப்பகுதியில் 30. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஓமனின் மே மாதத்தைப் பார்த்தால் பொருந்தாது. அந்தந்த ஊரின் இயல்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் அங்கே கவனிக்க வேண்டும். கருங்கல் உறுப்பினரிடம் ஒரு கேள்வி: அலைபேசிச் செயலிகள் மலையூர்களுக்குக் காட்டும் வெப்பநிலையை நீங்கள் நம்பினீர்களா?

கருங்கல் உறுப்பினர்:

ஐயா, அப்படியே நம்பியதில்லை. உலகளாவிய கணினி மாதிரிகள் நிலத்தை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவதால், ஒரு கட்டத்துக்குள் இருக்கும் சிகரமும் வாடி எனப்படும் வறண்ட ஆற்றுப்பள்ளமும் சராசரியாகி ஒரே உயரமாகிவிடுகின்றன. எங்கள் கேம்ப் இருந்த பள்ளம் மாதிரியின் தரையைவிட 300 மீட்டர் தாழ்வாக இருந்ததால், மலைக்காற்று நாள்களில் செயலி காட்டிய எண்ணோடு 3 டிகிரி கூட்டிக்கொள்வது எங்கள் வழக்கமாக இருந்தது. மாலை நான்கு மணிக்கு மஸ்கட்டில் பலூன் விட்டு எடுக்கும் மேல்வளி அளவு வெளியானதும் அதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

நாகர்கோவில் சகோதரி ஈரப்பதத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். கடல்காற்று வரும் நாள்களில் நான் வேலை நேரத்தைக் குறைத்ததில்லை, ஓய்வு நேரத்தை மட்டுமே கூட்டினேன். அந்த நாள்களில் உங்கள் பிரிவுக்கு வந்தவர்கள் எந்த நேரத்தில் அதிகமாக வந்தார்கள் என்பது நினைவிருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இப்போது அதே பகுதியில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் என் தம்பிக்கு அனுப்ப வேண்டும்.