சனிக்கிழமை மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

உவர்மலைப் பொடியன்:
வணக்கம். அவசரமாக ஓர் உதவி. வேலைத்தலத்தில் எங்கள் மேற்பார்வையாளர் வருகிற சனிக்கிழமை மான் வேட்டைக்கு என்னையும் வரச் சொல்கிறார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஊர்ப் படங்கள் கேட்டார்கள். திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் நிற்கிற படத்தைக் காட்டினேன். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் அவை ஆடுகள் மாதிரித் திரியும் என்றேன். அதிலிருந்து எனக்கு மானைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம் அவர்களுக்கு. துவக்கு தூக்கத் தேவையில்லை, கூட நடந்தால் போதும் என்கிறார். எல்லோர் முன்னாலும் கேட்டதால் சரி என்றுதான் சொல்ல முடிந்தது. என்ன உடுப்புப் போடுவது? போனால் சட்டப் பிரச்சினை வருமா? போகாவிட்டால் வேலைக்கு ஏதும் வருமா? மனைவி நல்லாப் பயந்துபோய் இருக்கிறா. வியாழனுக்குள் பதில் சொல்லவேண்டும்.

மூதூர் அண்ணை (ரொறன்ரோ):
தம்பி, முதலில் சப்பாத்து. மிச்சமெல்லாம் பிறகு. நான் வந்த முதல் பனிக்காலம் இரவு வேலை, விடிய பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். மலிவுச் சப்பாத்துக்குள் பனி உருகிப்போய் விரல்களில் உணர்வே இல்லாமல் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பை இன்னும் குளிரவைக்கும். கம்பளி போடுங்கள், அதற்குமேல் காற்றுப் புகாத ஒன்று. வேட்டைக்கென்றால் பச்சையும் மண்ணிறமும் கலந்த உடுப்பு வாங்குங்கள், மான் கண்டால் ஓடிவிடும். வீடு எடுத்துவிட்டீர்களா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்?

தம்பலகாமத்து அக்கா:
போகவேண்டாம் தம்பி. பன்றிக்குக் கட்டின கட்டுத்துவக்கு வெடித்துக் கால் போன ஆட்களை எங்கள் வயல் பக்கம் பார்த்து வளர்ந்தவள் நான். நான் வந்த புதிதில் முதியோர் இல்லத்தில் வேலை. எந்த நேர வேலைக்குக் கூப்பிட்டாலும் 'யெஸ்', யாருடைய வேலையைச் செய்யச் சொன்னாலும் 'யெஸ்'. வந்த முதல் மாதங்களில் எங்கள் வாயிலிருந்து வேறு சொல்லே வராது. அந்தப் பயத்தில்தான் நீங்களும் இருக்கிறீர்கள். லீவு நாளில் கூப்பிடுகிற இடத்துக்குப் போகாததற்காக வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள்.

கிண்ணியாவான்:
அக்கா, அப்படிப் பயப்படுத்தாதீர்கள். வேட்டை இங்கே அவுஸ்திரேலியாவில் சாதாரண விசயம். விக்டோரியா மாநிலத்தில் சாம்பார் மான் என்று சொல்வது எங்கள் மரைதான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்டது, இன்று மலைக்காடு முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. வருடம் முழுக்கத் தேடிப்போய்ச் சுடலாம். கேம் லைசன்ஸ் ஒன்று, துவக்கு லைசன்ஸ் ஒன்று, அவ்வளவுதான். துவக்கில்லாமல் கூடப் போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. தம்பி தாராளமாகப் போகலாம். எங்கள் ஆட்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் இறைச்சியும் வீட்டுக்கு வரும்.

கோட்டை வீதி:
நான் ஊரிலேயே இருக்கிறவன். உங்கள் பேச்சைப் படிக்கக் கவலையாக இருக்கிறது. இங்கே புள்ளிமான்கள் குப்பையில் பொலித்தீன் தின்று சாகின்றன. நாய் துரத்துகிறது, வாகனம் அடிக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் பிஸ்கட்டைப் பையோடு நீட்டுகிறார்கள். 1937இல் இருந்து வனசீவராசிகளுக்கென்று கட்டளைச் சட்டம் இருக்கிறது. மானோ மரையோ சுட்டால் மறியல். ஆனாலும் காட்டிறைச்சி என்று களவாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாடு போனவர்கள் லீவில் வந்து அதைத்தான் தேடுகிறார்கள். ஊர் மானுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித்தர யாரும் முன்வருவதில்லை.

மூதூர் அண்ணை (ரொறன்ரோ):
உண்மைதான் தம்பி. ஆனால் இங்கே எங்களிடமும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சம்பளத்தில் பாதி வாடகைக்கு, மிச்சம் காருக்கும் இன்சூரன்ஸுக்கும். ஊருக்கு அனுப்புவது வேறு. வெளிநாடு என்றால் காசு மரத்தில் காய்க்கிறது என்று நினைக்கிறார்கள்.

நிலாவெளி (இப்போது டிரைடன்):
பொடியன் வியாழனுக்குள் பதில் சொல்லவேண்டும், விசயத்துக்கு வருவோம். தம்பி, நீங்கள் எந்த நாடு என்றுகூடச் சொல்லவில்லை. நாடு, மாகாணம், வந்து எவ்வளவு காலம், அவர்கள் துவக்கா வில்லா, 'கூட நடப்பது' என்றால் உண்மையில் என்ன செய்யச் சொல்கிறார்கள், இவ்வளவும் வேண்டும்.

உவர்மலைப் பொடியன்:
மன்னிக்கவும். கனடா, ஒன்ராறியோ, கெனோரா பக்கம். மரம் அறுக்கும் மில். மார்ச்சில் பிஆரோடு (நிரந்தர வதிவிட உரிமை) வந்தோம். எல்லோரிடமும் துவக்கு இருக்கிறது. இரண்டு பேர் காட்டின் ஒரு பக்கத்தில் போய்க் காத்திருப்பார்களாம். நானும் இன்னொருவரும் மற்றப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டபடி நடந்து வரவேண்டுமாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2006இல் ஊரில் செல் வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் படுத்த பிள்ளை நான். வெடிச்சத்தம் கேட்டால் இப்போதும் கை நடுங்கும். அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

நிலாவெளி (இப்போது டிரைடன்):
இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். ஆறுதலாக வாசியுங்கள். டிரைடனும் உங்கள் ஒன்ராறியோதான். நான் இந்தக் காடுகளில் வேட்டையாடுகிறவன், இதில் உள்ளதெல்லாம் தெரிந்து சொல்கிறேன்.

அவர்கள் சொல்கிறபடி சத்தம் போட்டு மானைக் கலைத்துக்கொண்டு நடக்கவே கூடாது. ஒன்ராறியோவில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேட்டை என்பது சுடுவது மட்டும் இல்லை. தேடுவது, தடம் பிடித்துப் போவது, துரத்துவது, பதுங்கி இருப்பது எல்லாமே வேட்டைதான். கையில் துவக்கு இல்லாவிட்டாலும் கலைக்கிறவருக்கு லைசன்ஸ் வேண்டும். பிடிபட்டால் 25,000 டொலர் வரை தண்டம் போட இடமிருக்கிறது. கிண்ணியாவார் சொல்வது அவருடைய நாட்டுக் கதை. மேற்பார்வையாளர் உங்களைச் சிக்கலில் மாட்டவேண்டும் என்று கூப்பிடவில்லை. உங்களிடம் லைசன்ஸ் இல்லை என்பது அவர் மனதில் ஓடியிருக்காது.

போக விருப்பமென்றால் அவர்களுடைய முகாமில் இருங்கள். தேநீர் போடுங்கள், சமையுங்கள். மான் விழுந்த பிறகு இழுத்து வர, உரிக்க, வெட்டக் கை கொடுங்கள். உண்மையில் வேட்டையின் பெரும்பகுதி வேலை அதுதான், அதை வைத்தே நிறையப் படிக்கலாம். உடுப்பு விசயத்தில் மூதூர் அண்ணை சொன்ன கம்பளி சரி, பச்சை உடுப்புத்தான் ஆபத்து. துவக்குக் காலத்தில் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற செம்மஞ்சள் போடவேண்டும், தலையிலும் செம்மஞ்சள் தொப்பி. முகாமில் இருக்கிற நீங்களும் போடுங்கள். மானின் கண் சிவப்பையும் செம்மஞ்சளையும் நன்றாகப் பிரித்தறியாது, நீலம்தான் அதற்குத் துலக்கமாகத் தெரியும். அதனால் நீல ஜீன்ஸை வீட்டில் விட்டுவிடுங்கள்.

உங்களுக்கே வேட்டை பழக ஆசை வந்தால் அதற்கு வழி இருக்கிறது. முதலில் மாகாணத்தின் வேட்டைக் கல்வி வகுப்பு, பிறகு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை, அதற்குமேல் மான் லைசன்ஸும் டேக் என்கிற அனுமதிச் சீட்டும். மார்ச்சில் வந்தவர் என்றால் ஆறு மாதம் கடந்துவிட்டது, ஒன்ராறியோவாசிக்கான கட்டணத்திலேயே எடுக்கலாம். சொந்தத் துவக்குக்கு மத்திய அரசின் பால் (PAL) என்ற துவக்கு லைசன்ஸ் வேறு. அதற்குப் பாதுகாப்பு வகுப்பு, எழுத்திலும் செய்முறையிலும் 80 வீதம் எடுக்கவேண்டும். முதல்முறை விண்ணப்பம் என்றால் எப்படியும் 28 நாள் காத்திருப்பு உண்டு. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வில். வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் பால் தேவையில்லை, வெடிச்சத்தமும் கிடையாது. வில்லுக்கென்று தனிக் காலம் இருக்கிறது, காட்டில் கூட்டமும் குறைவு. இருபது முப்பது கஜத் தூரத்துக்கு மான் வரும்வரை அசையாமல் இருக்கப் பழகவேண்டும், அதுதான் கஷ்டம்.

பழகுகிறவருக்கு முதலில் காற்று. மான் கண்ணை விட மூக்கைத்தான் நம்பும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறபடி உட்காருங்கள். இளமரங்களில் பட்டை உரிந்த இடம், மண்ணைக் காலால் கிளறின இடம் இரண்டும் கிடா வந்துபோன அடையாளம். நவம்பரில் கிடாக்கள் துணை தேடி அலையும், பகலிலும் நடமாடும். கெனோரா டவுனுக்குள் பயமில்லாமல் நிற்கிற மான்களை வைத்துக் காட்டு மானைக் கணக்குப் போடாதீர்கள்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் அடிக்கவேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறி. இதயமும் நுரையீரலும் அங்கேதான். ஓடுகிற மானுக்கு வேண்டாம். பின்னால் மண்மேடு இல்லாமல் வானம் தெரிந்தால் துவக்கைத் தொடவே கூடாது. அடித்தவுடன் பின்னால் ஓடவும் கூடாது, அரை மணியாவது இருங்கள். நுரைத்த வெளிர்ச்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், கிட்டத்தில் கிடக்கும். பச்சையாகக் குடல் நாற்றத்தோடு இருந்தால் பல மணிநேரம் விடவேண்டும். கலைத்தால் அந்த உயிர் வீணாக வதைபட்டு எங்கோ போய்ச் சாகும். அதைச் செய்கிறவன் வேட்டைக்காரன் இல்லை.

மரத்தில் கட்டின பரணில் ஏறினால் பாதுகாப்புக் கச்சை கட்டாமல் ஏறாதீர்கள். இங்கே வேட்டைக்காரர் விழுந்து முதுகெலும்பு உடைவது அந்தப் பரணிலிருந்துதான். வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்க உண்ணி பாருங்கள், லைம் நோய் அதால் வரும்.

கிண்ணியாவான்:
ஒன்ராறியோ என்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். நிலாவெளி சொல்வதைக் கேளுங்கள் தம்பி.

தம்பலகாமத்து அக்கா:
மேற்பார்வையாளரிடம் நீட்டி முழக்கவேண்டாம். "என்னிடம் லைசன்ஸ் இல்லை, அதனால் நடக்கமுடியாது. முகாமுக்கு வருகிறேன், கறி சமைக்கிறேன்" என்று சொல்லுங்கள். வெடிச்சத்தத்தைப் பற்றியும் ஒரு வரி. "எங்கள் ஊரில் போர் நடந்தது, துவக்குச் சத்தம் எனக்குக் கஷ்டம்." அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே இருக்கமுடியாமல் போனால் வீட்டுக்கு வருவதற்கு உங்கள் சொந்தக் காரில் போங்கள். இதுதான் முக்கியம்.

மூதூர் அண்ணை (ரொறன்ரோ):
மான் இறைச்சியில் கொழுப்பை முழுக்கச் சீவிவிடுங்கள், அதில்தான் மொச்சை. இறைச்சி வறண்டது, கெதியில் இறுகிவிடும். வறுத்த தூள், ரம்பை, கறுவா போட்டு அடுப்பைத் தணித்து நேரமெடுத்து வேகவையுங்கள், தேங்காய்ப்பால் கடைசியில்.

உவர்மலைப் பொடியன்:
அக்கா சொன்ன மாதிரியே இன்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் சமைக்க என்னென்ன வாங்கவேண்டும் என்று கேட்டார். இரண்டு கேள்வி. அவர்கள் இறைச்சி தந்தால் காசு கொடுக்கவேண்டுமா? பின்னாளில் பால் எடுப்பதென்றால் தெரிந்த இருவர் சான்று சொல்லவேண்டும் என்கிறார்களே, வந்து ஒரு வருடம்கூட இல்லாத எனக்கு யார் இருக்கிறார்கள்?

நிலாவெளி (இப்போது டிரைடன்):
காசு கொடுக்கவே கொடுக்காதீர்கள். காட்டு மான் இறைச்சியை விற்பதும் வாங்குவதும் இங்கே குற்றம், அன்பளிப்பாக வாங்கலாம். எங்கே சுட்ட மான் என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து மனிடோபாவில் 2021இல் மான்களை மெலியவைத்துக் கொல்லும் மூளை நோய் கண்டுபிடித்தார்கள், அங்கே சுட்ட மானின் தலையும் முதுகெலும்பும் ஒன்ராறியோவுக்குள் கொண்டுவரத் தடை. ஈயச் சன்னம் பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், பிள்ளைகள் சாப்பிடுகிற இறைச்சி அது.

சான்றுக்கு மூன்று வருடமாவது உங்களைத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். மனைவியை அதற்குப் போடமுடியாது. அவவுக்கும் உங்கள் விண்ணப்பம் தெரியவேண்டும், படிவத்தில் அவவின் கையெழுத்துக்கு வேறு இடம் இருக்கிறது. உங்களுக்கு முன்பே கனடா வந்த ஊர்க்காரர் யாரும் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். வில்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வேட்டைக் கல்வி வகுப்பை ஒன்லைனிலும் படிக்கலாம், குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்.