ஆர்சி புக் தொலைந்த கார், வாங்க வருபவர் கேரளாக்காரர்

வணக்கம். மாமாவின் டிஎன் 75 ஆல்டோவை விற்க வேண்டும். வண்டி நல்ல கண்டிஷன், ஆர்சி புக்தான் காணோம். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு போயிருக்கும் என்கிறார் அத்தை. வாங்குபவர் பாறசாலைக்காரர்.

டூப்ளிகேட்டுக்குப் படிவம் 26, போலீஸில் தொலைந்ததற்கான சான்று, இதெல்லாம் தெரியும். சிக்கல் வேறு. கடன் எப்போதோ அடைத்தாச்சு, ஆனால் பரிவாகனில் (வாகனப் பதிவு விவரம் காட்டும் அரசு இணையதளம்) வங்கிப் பெயர் இன்னும் அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்த கிளையோ இப்போது இல்லை. ஆர்சியில் இருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-இல் யாரிடம் கையெழுத்து வாங்குவது? கேரளாவுக்கு மாற்ற படிவம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று) வேறு. மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீஸில் இதை முடித்தவர்கள் எதை முதலில் போட்டீர்கள் என்று சொல்லுங்களேன்.

புரோக்கர் ஒருவர், "கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, போதும்" என்கிறார். அது வேண்டவே வேண்டாம். பெயர் மாறாத வண்டி எங்காவது இடித்தால் கேஸ் மாமா தலையில்தான் விழும்.